பிளேயர் வந்துவிட்டது, படம் எப்போது வரும்?

சேலம் பக்கத்து நெசவு ஊரான எங்கள் இளம்பிள்ளையில் இன்னமும் காசு கொடுத்துப் பட டிஸ்க் வாங்குகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். பொய் என்று சொல்ல முடியவில்லை. ஒரு காலத்தில் வாடகைக்கு சி.டி. வாங்கிய கடை இப்போது செல்போன் கடை. இன்னொன்றில் சேலைக் கட்டு அடுக்கியிருக்கிறார்கள். டிஸ்க் என்றாலே கடைக்காரர்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

"போன்லயே எல்லாப் படமும் வருதே, அப்புறம் எதுக்கு மச்சான் இந்தத் தட்டு?" என்று கேட்பார்கள். டீக்கடையில் நின்றுகொண்டு பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். புது டிஸ்க் ஒன்று சந்தைக்கு வரும்போது முதலில் வருவது பிளேயர். அப்புறம் விளம்பரம். அப்புறம் நம்மைப் போல ஆர்வக்கோளாறு பிடித்த நாலு பேர். படம் மட்டும் கடைசியாகத்தான் வரும், சில சமயம் வரவே வராது. டிஸ்க்கைக் கண்டுபிடித்த கம்பெனியோ வாங்குகிற நாமோ அதன் தலையெழுத்தை எழுதுவதில்லை. படத்தின் உரிமை யார் பீரோவில் இருக்கிறதோ அவர்தான் எழுதுகிறார். அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது, கோடம்பாக்கத்திலும் அப்படித்தான் நடந்தது. அங்கே கடைசியில் படம் வந்தது. இங்கே பாதியில் நின்றுவிட்டது.

டெக் எடுத்த காலம்

எங்கள் பக்கம் வீடியோ என்றால் முதலில் டெக்தான். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு டிவியும் டெக்கும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, தெருவில் காசு பிரித்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். எம்.ஜி.ஆர். படம் ஒன்று, ரஜினி படம் ஒன்று, மூன்றாவது எதுவோ, அதற்குள் பாதித் தெரு தூங்கியிருக்கும். கேசட்டில் கோடு விழும், ஹெட்டைத் துடைக்க வேண்டும், சத்தம் இழுக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த கேசட்டுக்கும் ஹாலிவுட் முதலில் சம்மதிக்கவில்லை. சோனி 1975-இல் பீட்டாமேக்ஸ் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஜேவிசி-யின் வி.எச்.எஸ். வந்தது. வீட்டில் உட்கார்ந்து டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மீது வழக்குப் போட்டன. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. எந்தப் பெட்டி தங்களை அழித்துவிடும் என்று பயந்தார்களோ அதே பெட்டியில் கேசட் விற்றுத்தான் பிற்பாடு ஸ்டூடியோக்கள் கொழுத்தன. புதிதாக எது வந்தாலும் முதலில் தடுப்பது, பிறகு அதிலேயே சம்பாதிப்பது என்ற வழக்கம் அங்கே தொடங்கியது.

யாரையும் கேட்காமல் வந்த விசிடி

1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து வீடியோ சி.டி.க்கு விதிமுறை எழுதின. பாட்டு சி.டி. அளவுதான், 74 நிமிடப் படம் பிடிக்கும். படத்தின் தெளிவு நம் பக்கத்து டிவி முறையில் 352-க்கு 288 புள்ளி. அமெரிக்காவில் அதை யாரும் சீண்டவில்லை. ஆசியாவில் பிய்த்துக்கொண்டு போனது. கேசட் போலப் பூஞ்சை பிடிக்காது, அச்சடிக்கச் செலவு குறைவு, சீனாவிலிருந்து வந்த பிளேயர் கீறல் விழுந்த தட்டையும் முக்கி முனகி ஓட்டிவிடும்.

நம் படம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் ஒரு படத்துக்கு இரண்டு தட்டு, சில படத்துக்கு மூன்று. முதல் தட்டு முடிகிற இடம் டைரக்டர் வைத்த இடைவேளையில் வராது, பாட்டுக்கு நடுவிலேகூட வரும். 'ராஜராஜ சோழன்' 1973-இல் தமிழில் வந்த முதல் சினிமாஸ்கோப் படம். அந்த மாதிரி அகலப் படங்களைப் பழைய சதுர டிவிக்கு அடக்கும்போது ஓரத்தில் நிற்கிற நடிகர் பாதி உடம்போடுதான் தெரிவார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்த் தயாரிப்பாளர்கள் விசிடியை ஏற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே திருட்டு விசிடிக்காரன் ஏற்றுக்கொண்டுவிட்டான். படம் வந்த வாரமே கேமரா பிரிண்ட், அடுத்த மாதம் நல்ல பிரிண்ட். நமக்கு விசிடி என்ற பெயரே 'திருட்டு' என்ற அடைமொழியோடுதான் அறிமுகம். 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. சாராயம் காய்ச்சுபவர், ரவுடி என்ற வரிசையில் சி.டி. அடிப்பவரும் சேர்ந்தார். சட்டம் வந்தது சரி. ஒழுங்காக விலை போட்டு ஒரிஜினல் விற்க ஆள் வரவில்லை.

டிவிடிக்காக அமெரிக்கா காத்த கதை

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே ஒரு சண்டை நடந்திருந்தது. சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தோஷிபாவும் வார்னரும் மறுபக்கம், ஆளுக்கொரு டிஸ்க் வைத்திருந்தார்கள். இரண்டையும் கடைக்கு விட்டால் பீட்டாமேக்ஸ் சண்டை மறுபடி வரும் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் அழுத்திப் பிடித்ததால் 1995-இல் ஒரே டிஸ்க்காக முடிவானது.

ஒரே டிஸ்க் ஆனபிறகும் படம் வந்ததா? வார்னர் முதல் நாளே வந்தது. அதன் வீடியோ பிரிவுத் தலைவர் வாரன் லீபர்ஃபார்ப்தான் இதற்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். டிஸ்னி வேடிக்கை பார்த்தது. பாரமவுண்டும் ஃபாக்ஸும் 1998 வரை இறங்கவில்லை. காப்பி அடித்துவிடுவார்கள் என்று பயம். அதற்காகத்தான் ரகசியப் பூட்டு. படம் வெளியாகும் தேதியும் விலையும் ஊருக்கு ஊர் வேறு என்பதால் நாட்டுக்கு நாடு ரீஜன் எண். அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5, சிங்கப்பூருக்கு 3.

இடையில் டிவிஎக்ஸ் என்று ஒரு கூத்தும் நடந்தது. தட்டை மலிவாக வாங்கலாம், ஆனால் பார்க்க ஆரம்பித்து 48 மணி நேரம் ஆனதும் பூட்டிக்கொள்ளும். மறுபடி பார்க்க மறுபடி காசு. பெட்டியே டெலிபோன் வயர் வழியாகக் கணக்குச் சொல்லிவிடும். ஸ்டூடியோக்களுக்கு இது தேனாக இனித்தது. மக்கள் தொடவில்லை. 1998-இல் வந்தது 1999 ஜூனில் கடையைக் கட்டியது. அதே வருடம் நார்வேயில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் அவன் கூட்டாளிகளும் டிவிடியின் பூட்டை உடைத்து இணையத்தில் போட்டார்கள். எந்தப் பூட்டை நம்பி ஸ்டூடியோக்கள் அவ்வளவு காலம் காத்திருந்தனவோ, அது கடைக்கு வந்து மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. பூட்டு உடைந்ததும் டிவிடி வியாபாரம் படுத்ததா? இல்லை. அதற்கப்புறம்தான் ஏறியது.

நம் படம், லண்டன் டிஸ்க்

தமிழ்ப் படத்தை டிவிடியில் முதலில் சுகமாகப் பார்த்தவர்கள் நாம் இல்லை. லண்டன், டொராண்டோ, கோலாலம்பூர், சிங்கப்பூர்க்காரர்கள். ஐங்கரன் என்ற பெயர் டிவி முன்னால் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். லண்டன் கம்பெனி. மலேசியாவிலிருந்து லோட்டஸ் ஃபைவ் ஸ்டார். இவர்கள் வெளிநாட்டு உரிமையை வாங்கும்போதே வீடியோ உரிமையும் கூடவே போய்விடும். சினிமா வட்டாரத்தில் எஃப்.எம்.எஸ். என்று சொல்வது அதைத்தான். அங்கே டிஸ்க் வந்துவிடும். இங்கே தியேட்டர்காரர்கள் கோபிப்பார்கள், டிவிக்கு விற்ற ஒப்பந்தம் இடிக்கும் என்று ஒரிஜினல் வெளியே வராது. ஆனால் அந்த லண்டன் டிஸ்க் விமானம் ஏறி வந்து, ஒரே தட்டில் அஞ்சு படம் என்று சேலம் பஸ் ஸ்டாண்டில் கூவி விற்கும். ஒரிஜினல் கம்பெனி முத்திரையோடு திருட்டு டிஸ்க் விற்ற ஊர் நம்முடையது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. இளம்பிள்ளையில் ஒரு சேலை டிசைன் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், அடுத்த வாரமே நாலு தெருவில் அதே பார்டர், அதே புட்டா தறியில் ஏறிவிடும். ஜக்கார்டு அட்டை அடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அப்படித்தான், டிசைன் பென் டிரைவில் வருகிற இந்தக் காலத்திலும் அப்படித்தான். காப்பி அடிக்கிறான் என்று சரக்கை வெளியே விடாமல் வைத்த முதலாளி யாரும் இங்கே பிழைத்ததில்லை. முதல் ஆளாகச் சந்தைக்குக் கொண்டுபோய், கட்டுபடியாகும் விலையில் இறக்கினவர்தான் நின்றார். சினிமாக்காரர்கள் சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு, காப்பிக்காரனை மட்டும் திட்டினார்கள்.

அதைப் புரிந்துகொண்டு வந்த ஒரே கம்பெனி மோசர் பேர். வெற்று சி.டி., டிவிடி செய்வதில் உலகத்தில் முன்வரிசையில் இருந்த டெல்லி கம்பெனி அது. 2007-இல் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை போட்டு இறங்கியது. தென்னிந்திய மொழிப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல். மளிகைக் கடையிலும் பெட்டிக் கடையிலும் தொங்கியது. சரியான சமயமும்கூட. 2006 செப்டம்பரில் கலைஞர் அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியிருந்தது. தறிக்கொட்டகை வைத்த வீடு, கூலிக்கு ஓட்டுகிற வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் டிவி வந்தது. டிவி வந்த வீட்டுக்கு அடுத்து டிவிடி பிளேயர் வந்தது. சேலத்தில் கைக்கு எட்டுகிற விலைக்குச் சீன பிளேயர் கிடைத்தது.

அந்த இரண்டு மூன்று வருடம்தான் டிஸ்க்குக்கு இங்கே பொற்காலம். எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிற ஒரிஜினல் தட்டில் பாதிக்கு மேல் அந்தப் பருவத்தில் வாங்கியது. கரண்ட் கட் மட்டும் பாடாய்ப் படுத்தும். கிளைமாக்ஸில் நின்றால், கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டித் தள்ள வேண்டும். மோசர் பேர் அதோடு நிற்காமல் படமே எடுத்தது. சசி இயக்கிய 'பூ' 2008-இல் அவர்கள் சேர்ந்து தயாரித்ததுதான். ஆனால் வெற்று டிஸ்க் வியாபாரமே உலகம் முழுக்கச் சரிந்தது. கடன் ஏறியது. 2018-இல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. 34 ரூபாய்க்கு ஒரிஜினல் கிடைத்த காலம் அத்தோடு போனது.

ப்ளூ-ரே நம்மைத் தாண்டிப் போனது

இனி வருவதுதான் எனக்கு ஆற்றாமை. 2006-இல் உயர்தெளிவு டிஸ்க் இரண்டு வந்தன. தோஷிபாவின் எச்.டி. டிவிடி, சோனி கூட்டணியின் ப்ளூ-ரே. மறுபடி பழைய சண்டை. வாங்க நினைத்தவன் எந்தப் பெட்டியை வாங்குவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். 2007-இல் பாரமவுண்ட் எச்.டி. டிவிடி பக்கம் சாய்ந்தது. 2008 ஜனவரியில் வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று சொன்னது. அடுத்த மாதமே தோஷிபா கையை விரித்துவிட்டது. பல்லாயிரம் பேர் சேர்ந்து செய்த ஆராய்ச்சியை ஒரு ஸ்டூடியோவின் ஒரு அறிவிப்பு முடித்து வைத்தது. படம் கையில் இருப்பவன்தான் தீர்ப்புச் சொல்கிறான் என்று மேலே சொன்னேனே, இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சண்டை முடிந்ததும் ஹாலிவுட் படங்கள் வரிசையாக ப்ளூ-ரேயில் வந்தன. நான் பிளேயர் வாங்கிவிட்டுத் தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்தேன். வெளிநாட்டு உரிமைக்காரர்கள் சில பெரிய படங்களைப் போட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மாமா பையனிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே ரீஜன் ஏ, நமக்கு ரீஜன் சி. தட்டில் ரீஜன் பூட்டு இருந்தால் நம் பெட்டி துப்பிவிடும். இங்கே தயாரிப்பாளர் யாரும் வரிசையாக, முறையாக, நம் ஊர்க் கடைக்கு என்று ப்ளூ-ரே போடவில்லை.

ஏன் போடவில்லை? டிஸ்க் செலவு என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை முதல் காரணம் பத்திரம். தமிழ்ப் படம் ஒன்றைத் துண்டு துண்டாகத்தான் விற்பார்கள். தியேட்டர் உரிமை ஏரியா ஏரியாவாகப் போகும். கோயம்புத்தூர் ஏரியா, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், நம்ம சேலம் ஏரியா. டிவி உரிமை ஒருவர், பாட்டு ஒருவர், வெளிநாடு ஒருவர், டப்பிங் ஒருவர், ரீமேக் ஒருவர். இவர்களில் அன்றைக்கு டிவிக்காரர் கொடுத்ததுதான் பெரிய பணம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முதல் தடவையாகத் திரையில் என்று போட வேண்டும், அதற்கு முன் வீட்டுக்கு வீடு டிஸ்க் இருந்தால் அவர் ஏன் கோடி கொடுப்பார்? டிஸ்க்கில் வருகிற சில்லறைக்காக அந்தக் கோடியை யார் இழப்பார்கள்?

பழைய படம் என்றால் இன்னும் சிக்கல். நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், வீடியோ உரிமை இன்னொருவரிடம். கேசட் காலத்தில் எழுதிய பத்திரத்தில் டிவிடி என்ற வார்த்தையே இருக்காது, ப்ளூ-ரேக்கு எங்கே போவது? அந்தப் பழைய பத்திரம் புது டிஸ்க்குக்கும் செல்லுமா என்று கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 18-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள். எழுதிக்கொடுக்கும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ஒழிய, அந்த எழுத்து செல்லாது. எழுதிக்கொடுத்தவருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் வருமானம் எவ்வளவு என்றே தெரியாத புது டிஸ்க்குக்காக மறுபடி எல்லோரையும் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்க யாருக்குப் பொறுமை?

கதவைத் தட்டிய இரண்டு பேர்

தட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2013 ஜனவரியில் கமல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக ஆயிரம் ரூபாய்க்கு வீட்டுக்கே தருகிறேன் என்றார். தியேட்டர்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். கடைசியில் படம் தியேட்டருக்குத்தான் முதலில் வந்தது.

சேரன் டிஸ்க்கிலேயே கை வைத்தார். சினிமா டூ ஹோம், சுருக்கமாக சி2எச். தியேட்டர் கிடைக்காமல் பெட்டிக்குள் தூங்குகிற படங்களை நேராக டிவிடியாக வீட்டுக்குக் கொண்டுபோவது திட்டம். 2015 மார்ச்சில் தன்னுடைய 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தையே முதல் படமாக 50 ரூபாய் டிவிடியில் விட்டார். சர்வானந்தும் நித்யா மேனனும் நடித்தது. அப்போது நான் வாங்கிய டிஸ்க் இன்னும் ஓடுகிறது. தெருவில் பார்த்தவர்களுக்கும் பிடித்தது. ஆனால் பின்னால் வரிசையாகப் படம் வர வேண்டுமே? மற்ற தயாரிப்பாளர்கள் 'முதலில் அவர் என்ன ஆகிறார் பார்ப்போம்' என்று நின்றார்கள். அடுத்தவர் ஆழம் பார்க்கட்டும் என்று எல்லோரும் கரையில் நின்றால் ஆற்றில் இறங்கியவர் மட்டும்தான் நனைவார். திட்டம் பரவவில்லை.

அப்புறம் 2020-இல் கொரோனா வந்து தியேட்டரைப் பூட்டியது. மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. அப்போதும் தியேட்டர்காரர்கள், அதைத் தயாரித்த சூர்யா கம்பெனிப் படங்களுக்குத் தியேட்டர் தரமாட்டோம் என்றார்கள். நவம்பரில் 'சூரரைப் போற்று' அதே வழியில் வந்து நாடே பேசியது. கமலும் சேரனும் கேட்டபோது ஆகாத காரியம் ஆகிவிட்டது. நடுவில் இருக்க வேண்டிய டிஸ்க்கை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள்.

போனில் வருகிறதே, போதாதா?

கூட்டாளியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். இரண்டு காரணம்.

முதலாவது தரம். 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கிற வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கு மேலேகூடக் கொடுக்கும். இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாக உடைவதும், மழைக்காட்சி கஞ்சி போலக் குழம்புவதும் அந்த வித்தியாசத்தால்தான். நல்ல டிவி வாங்கிய வீட்டில் ஒரே படத்தை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். எங்கள் அத்தைக்குக்கூட வித்தியாசம் தெரிந்தது. புடவையில் ஜரிகை நிறம் பார்த்துப் பழகிய கண் அது, ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, நம்பிக்கை. ஓடிடியில் படம் நமக்குச் சொந்தம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் காணாமல் போகும். நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2024 ஜனவரியில் சர்ச்சை வந்ததும் நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் படம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. மாதாமாதம் காசு கட்டியவன் அலமாரியிலிருந்து ஒரு படம் ராத்திரியோடு ராத்திரியாகப் போக முடியும் என்பதுதான் விஷயம். டிஸ்க்கை யாரும் வீடு புகுந்து எடுக்க முடியாது.

எங்கள் மாவட்டத்துச் சொத்தையே பாருங்கள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியும்? டி.ஆர்.சுந்தரம் 1930-களில் கட்டிய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-இல் இங்கிருந்து போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இங்கிருந்து வந்தது. 35 எம்.எம். பிலிமில் எடுத்த படத்தை நல்ல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தால் 4கே அளவுக்குத் தெளிவு எடுக்கலாம். நான் சேலம் கடைகளில் வாங்கியதெல்லாம் வெளுத்துப்போன விசிடி, டிவிடி. வண்ணத்துக்காகவே பேர் வாங்கிய படத்தை வண்ணம் இல்லாமல் பார்க்கிறோம்.

வங்காளத்தில் சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களின் நெகட்டிவ் 1993-இல் லண்டனில் தீயில் கருகியது. கருகிய நெகட்டிவையே இத்தாலியில் பொலோனா நகரத்து லேபில் கையால் சீர்செய்து, 4கே-யில் ஸ்கேன் செய்து, 2015-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் கம்பெனி ப்ளூ-ரேயாகப் போட்டது. தீயில் வெந்த படத்துக்கே டிஸ்க் வந்தது.

நம்மிடம் வேலை தெரியாதவர்கள் இல்லை. 'கர்ணன்' 2012-இல் சுத்தம் செய்து தியேட்டரில் விட்டதும் கூட்டம் அள்ளியது. எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இல் வந்து நூறு நாளைத் தாண்டியது. 'பாட்ஷா' வந்தது. 2024-இல் 'கில்லி' 4கே-யில் வந்து தியேட்டரே ஆடியது. ஸ்கேன் செய்தாயிற்று, நிறம் திருத்தியாயிற்று, ஒலி பிரித்தாயிற்று. பெரிய செலவு எல்லாம் முடிந்தது. அந்தப் பிரதியைத் தட்டில் அடித்து விற்பதுதான் பாக்கி. அதை மட்டும் செய்யவில்லை.

இனிமேல்

அடுத்து ஒரு புது டிஸ்க் வரும், அப்போதாவது நம்மவர்கள் ஏற்பார்கள் என்று முன்பு நினைத்தேன். இப்போது அந்த ஆசை இல்லை. சாம்சங் 2019-இல் ப்ளூ-ரே பிளேயர் செய்வதை விட்டது. தபாலில் டிவிடி அனுப்பிப் பிறந்த நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பரில் அந்தக் கதவை மூடியது. பதிவு செய்கிற வெற்று ப்ளூ-ரே தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. 4கே ப்ளூ-ரேக்கு வருவதற்கு டிஸ்னிக்கே 2017 ஆயிற்று. இதுதான் கடைசித் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தட்டு என்பதால் மோசமான தட்டு இல்லை. இதுவரை வந்ததில் ஆகச் சிறந்தது இதுதான், இதற்கு ரீஜன் பூட்டும் கிடையாது. சேலத்தில் விற்றதை டொராண்டோவில் போட்டுப் பார்க்கலாம்.

அதனால் தயாரிப்பாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். லட்சக்கணக்கில் அடிக்கச் சொல்லவில்லை. மறுவெளியீட்டுக்காகச் சுத்தம் செய்த படத்துக்கு முன்பதிவு வையுங்கள். எத்தனை பேர் பணம் கட்டுகிறார்களோ அத்தனை தட்டு அடியுங்கள். வெளிநாடுகளில் சிறு கம்பெனிகள் இப்படி எண்ணிக்கை சொல்லி விற்றுத்தான் பிழைக்கின்றன. லண்டனிலும் டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம் ஆட்களைச் சேர்த்தால் ஒரு 'கர்ணன்' டிஸ்க்குக்கு ஆள் கிடைக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. புதுப் படத்துக்குப் பத்திரம் எழுதும்போது டிஸ்க் உரிமையைத் தனி வரியாக எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு செலவு கிடையாது.

வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று. பரணில் ஒரிஜினல் டிஸ்க் இருந்தால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். உங்களிடம் இருக்கிற படம் நாளை எந்த ஆப்பிலும் இல்லாமல் போகலாம்.